கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர்: சர்க்யூட்டுக்கு வெளியே நல்ல துணை, உள்ளே இடைஞ்சல்

நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளும் விபத்துகளில் பெரும்பாலானவை பட்டப்பகலில், தெளிவான வானிலையில், ஏதாவது ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நிகழ்கின்றன. யோசித்துப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. பரந்த வானத்தில் ஆளுக்கொரு திசையில் பறந்துகொண்டிருந்தவர்கள் அனைவரும் ஒரே ஓடுபாதையின் ஒரே முனையை நோக்கி, ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து சேரும் இடம் அது. இறங்குவதற்காக ஓடுபாதையை ஒட்டி விமானங்கள் வலம்வரும் செவ்வகப் பாதையைத்தான் சர்க்யூட் என்கிறோம். அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து மைல்களில் நம்மைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதை டேப்லெட் திரையில் காட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படுவதுதான் கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர். இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் பயிற்சி அளிக்கும் வேலையில் இருப்பதால், இந்த வகைக் கருவிகள் சிலவற்றை நீண்ட காலம் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. குறிப்பிட்ட ஒரு மாடலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதாமல் இந்த வகை முழுவதையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், இவற்றின் நிறைகுறைகளில் பெரும்பகுதி எல்லா மாடல்களுக்கும் பொதுவானவையாக இருப்பதுதான். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வாங்கலாம் என்பதே. ஆனால் விளம்பரங்களில் காட்டப்படும் காரணத்துக்காக அல்ல.

முதலில் இது எதைக் கேட்கிறது என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பழைய முறையில், தரையிலுள்ள இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். ஏடிஎஸ்-பி முறையில் யாரும் கேட்க வேண்டியதில்லை. விமானமே தன் ஜிபிஎஸ் நிலையை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை எல்லோருக்குமாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். விமான நிலைய ரேடார் ஒரு சுற்றுச் சுற்றி வர ஐந்து நொடி அளவில் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு புதிய தகவல் என்பது விளங்கும். நாம் பேசும் பெட்டி இந்த ஒலிபரப்பைக் காதால் வாங்கி வைஃபை வழியாக டேப்லெட்டுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அது தன் பங்குக்கு எதையும் ஒலிபரப்புவதில்லை. ஆகவே இதை வாங்கி வைத்திருப்பதால் நாம் மற்றவர்களைப் பார்க்கலாமே தவிர, மற்றவர்களின் திரையில் நாம் தெரிய மாட்டோம். கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். பிரிட்டனில் குறைந்த சக்தியில் ஒலிபரப்பவும் செய்கிற கையடக்கக் கருவிகளுக்கு அனுமதி உண்டு. அத்தகைய அனுமதி இல்லாத நாடுகளில் ஒலிபரப்ப வேண்டுமானால் விமானத்திலேயே நிலையாகப் பொருத்தப்பட்ட, சான்றளிக்கப்பட்ட கருவிதான் வேண்டும்.

பொருத்துவது எளிது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பாதி உண்மை. உறிஞ்சு கப்பை நனைத்துப் பக்கவாட்டுக் கண்ணாடியில் அழுத்தி, கருவியை இயக்கி, டேப்லெட்டை அதன் வைஃபையில் இணைத்துவிட்டால், ஒன்றிரண்டு நிமிடங்களில் முதல் விமானம் திரையில் தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த முதல் விமானம் பெரும்பாலும் நாமாகவே இருப்போம். நம்முடைய விமானத்தில் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டர் இருந்தால், கருவி அதையும் கேட்டு, நம் தலைக்கு நேர் மேலே, நம் வேகத்திலேயே, நம்மை விட்டு அகலாத ஒரு விமானம் பறப்பதாகக் காட்டும். இதைத் தவிர்க்க, விமானத்துக்கு ஒதுக்கப்பட்ட ஆறு எழுத்து எண் கொண்ட தனி முகவரியைச் செயலியின் அமைப்புகளுக்குள் போய் உள்ளிட வேண்டும். சொந்தமாக ஒரே ஒரு விமானம் வைத்திருப்பவருக்கு இது ஒருமுறை வேலை. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று விமானம் மாற்றிப் பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் இது அன்றாடத் தலைவலி. புறப்படும் அவசரத்தில் மாணவர் இதை விட்டுவிட்டால், ஓடுபாதையை விட்டு எழும்பிய கணத்திலிருந்து 'டிராஃபிக், டிராஃபிக்' (அருகில் வேறு விமானம்) என்ற குரல் ஓயாது. பதிவெண்ணைச் சொன்னாலே முகவரியைத் தானாக நிரப்பிக்கொள்ளும் செயலிகளும் இருக்கின்றன. அந்த வசதி இல்லாத செயலியோடு வரும் கருவியைப் பயிற்சிப் பள்ளிகள் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது உயரக் கணக்கு. இதைப் பற்றி வாங்குபவர்கள் யாரும் கேட்பதே இல்லை; ஆனால் என்னைப் பொறுத்தவரை ஒரு நல்ல கருவியையும் சுமாரான கருவியையும் பிரிப்பது இதுதான். மற்ற விமானங்கள் ஒலிபரப்பும் உயரம், 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட அழுத்த உயரம். நமது உயரத்தைக் கருவி எதிலிருந்து எடுக்கிறது என்பதே கேள்வி. உள்ளே அழுத்த உணரி இருந்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். மலிவான சில மாடல்கள் ஜிபிஎஸ் உயரத்தை எடுத்துக்கொண்டு, அதை மற்றவரின் அழுத்த உயரத்தோடு கழித்துப் பார்க்கின்றன. அழுத்தம் 1003 ஆக உள்ள ஒரு நாளில், ஹெக்டோபாஸ்கல் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 அடி என்று வைத்துக்கொண்டால், சரியாக நம் மட்டத்தில் வரும் விமானத்தைத் திரை நமக்கு 300 அடி மேலே காட்டும். வெயில் கடுமையான நாட்களில் வெப்பத்தால் வரும் பிழையும் இதில் கலந்து கணக்கை மேலும் குழப்பும். திரையில் மற்ற விமானத்தைக் குறிக்கும் வைர வடிவச் சின்னத்தின் பக்கத்தில் '+03' (300 அடி மேலே) என்று பார்த்துவிட்டு, 'மேலேதான் இருக்கிறான்' என்று கண்ணை உயர்த்தித் தேடும் விமானி, அடிவானக் கோட்டிலேயே அசையாமல் நின்றிருக்கும் புள்ளியைக் கவனிக்காமல் போகலாம். மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறுவதே இல்லை. அசைவில்லாததால் அது கண்ணில் படுவதும் அரிது என்பதால், எங்கே தேடுவது என்பதில் நேரும் இந்தச் சிறு பிழை சிறியதல்ல.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடலாம்: கருவியை முன்பக்க டாஷ்போர்டின் மேல் வைத்தால் வரவேற்பு நன்றாக இருக்கும், ஆனால் நேரடி வெயிலில் கருவியும் டேப்லெட்டும் சூடேறித் தாமாகவே அணைந்துவிடும். பேட்டரி விஷயத்தில் எனக்குக் குறையில்லை.

இனி இதன் உண்மையான பயனுக்கு வருகிறேன். விமான நிலையத்திலிருந்து பதினைந்து மைல் தொலைவில் இருக்கும்போது இந்தக் கருவிக்கு இணையான துணை வேறில்லை. சர்க்யூட்டில் எத்தனை பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், எந்த ஓடுபாதையைப் பயன்படுத்துகிறார்கள், நமக்குப் பின்னாலிருந்து வேகமான ஒரு விமானம், ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதியான ஃபைனலுக்குச் சுற்றாமல் நேரே வந்துகொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் டவரை (கட்டுப்பாட்டுக் கோபுரத்தை) அழைப்பதற்கு முன்பே ஊகித்துவிடலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத நிலையங்களில், அவரவர் தாமே தம் நிலையை ரேடியோவில் அறிவித்துக்கொண்டு இறங்க வேண்டிய இடங்களில், இந்த முன்னறிவு இன்னும் விலை மதிப்புள்ளது. 'தெற்கே ஐந்து மைல்' என்று ஒருவர் அறிவிப்பதும் திரையில் அவர் உண்மையில் எட்டு மைலில் இருப்பதும் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி. வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஒரு நிமிடம் தாமதித்து, கூட்டம் கலைந்த பிறகு சர்க்யூட்டுக்குள் நுழைவது என்ற முடிவை எடுக்க அவகாசம் இருக்கும் இடம் அதுதான். எதிரெதிரே 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் வரும் இரண்டு சிறு விமானங்கள் நிமிடத்துக்கு 4 கடல் மைல் நெருங்குகின்றன. 3 மைல் இடைவெளி கரைய 45 நொடி போதும். ஒரு விமானத்தைக் கண்டு, அது மோதும் பாதையில் இருப்பதை உணர்ந்து, முடிவெடுத்து, கட்டுப்பாட்டை அசைத்து, விமானம் உண்மையில் விலகுவதற்கு 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த நேரத்தில் மேற்சொன்ன இரு விமானங்களும் முக்கால் மைலுக்கும் மேல் நெருங்கியிருக்கும். பதினைந்து மைலில் திரையைப் பார்த்து எடுக்கும் அமைதியான முடிவு, ஒரு மைலில் கண்ணால் பார்த்து எடுக்கும் பதற்றமான முடிவைத் தேவையற்றதாக்கிவிடுகிறது.

இரண்டாவது பயன் நான் எதிர்பார்த்திராதது. அது டவர் சொல்வதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ரேடார் கட்டுப்பாட்டாளர், 'டிராஃபிக், 2 மணித் திசை, 3 மைல், எதிர்த்திசை, 2,500 அடி' என்று சொல்லும்போது அவர் கணக்கிடுவது, தன் திரையில் தெரியும் நம் பயணப் பாதையை வைத்துத்தான்; நம் விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 90 நாட் வேகத்தில் பறக்கும்போது இடப்பக்கத்திலிருந்து 25 நாட் குறுக்குக்காற்று அடித்தால், பாதையில் நிற்பதற்காக மூக்கை ஏறக்குறைய 16 பாகை இடது பக்கம் திருப்பி வைத்திருப்போம். நேர் முன்னே 12 மணி என்று வைத்துக்கொள்ளும் இந்தக் கடிகாரத்தில் ஒரு மணி என்பது 30 பாகை. ஆகவே அவர் சொன்ன 2 மணி நமக்கு இரண்டரை மணியாகிவிடுகிறது. இந்தத் திருத்தத்தை மனக்கணக்காகச் செய்யத் தெரிந்த மாணவர்கள் குறைவு. திரையிலோ அந்த விமானம் எந்த ஊரின் மேல், எந்த ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரைபடத்தின் மீதே தெரிகிறது. தரையிலுள்ள அடையாளத்தைப் பிடித்துக் கண்ணைக் கொண்டுபோவது எளிது. 'நெகட்டிவ் கான்டாக்ட்' (இன்னும் கண்ணில் படவில்லை) என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடும் நேரம் இதனால் வெகுவாகக் குறைகிறது.

ஆனால் 'டிராஃபிக் இன் சைட்' (அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்) என்று சொல்வதற்கு இந்தக் கருவியை ஆதாரமாகக் கொள்வதை என் மாணவர்களுக்கு நான் அனுமதிப்பதில்லை. திரையில் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லும் பழக்கம் பரவி வருவது எனக்குக் கவலை அளிக்கிறது. அந்தச் சொற்களைக் கேட்ட பிறகு கட்டுப்பாட்டாளர் இடைவெளியைக் காக்கும் பொறுப்பைப் பார்வையின் அடிப்படையில் விமானியிடம் விட்டுவிட முடியும். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் இறங்கவிருந்த பிஎஸ்ஏ 182 என்ற போயிங் 727 விமானத்தின் விமானிகள், முன்னே சென்ற செஸ்னா 172 கண்ணுக்குத் தெரிவதாக முதலில் அறிவித்திருந்தார்கள். பின்னர் அதைப் பார்வையிலிருந்து இழந்தபோது அதைக் கட்டுப்பாட்டாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை. மோதலுக்கு முன் ரேடார் மையத்தில் எச்சரிக்கை ஒலித்தும், விமானிகள் செஸ்னாவைப் பார்த்துவிட்டார்கள் என்ற எண்ணத்தால் அது பொருட்படுத்தப்படவில்லை. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். பார்த்தேன் என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை இருக்கும்போது, அதைத் திரையிலுள்ள வைரக்குறியைப் பார்த்துச் சொல்வது முறையாகாது. டவரிடம் அப்போது சொல்லத்தக்கது, இன்னும் பார்க்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

கருவியின் பெரிய குறைக்கு வருவோம்: தனக்கு எது தெரியவில்லை என்பதை அது சொல்வதில்லை. ஏடிஎஸ்-பி ஒலிபரப்பாத விமானம் அதற்கு இல்லாத விமானம். பழைய டிரான்ஸ்பாண்டர் மட்டும் உள்ளவை, மின்வசதியே இல்லாத பழைய விமானங்கள், ஃபிளார்ம் என்ற வேறு முறையைப் பயன்படுத்தும் கிளைடர்கள், ஒலிபரப்பை அணைத்துவிட்டுப் பறக்கும் இராணுவ விமானங்கள் ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சில மாடல்கள் பழைய டிரான்ஸ்பாண்டரின் பதிலைக் கேட்டு, அதன் சமிக்ஞை வலிமையிலிருந்து தூரத்தை ஊகித்து, திசை தெரியாத ஒரு வட்டமாகக் காட்டுகின்றன. அது ஒன்றுமில்லாததற்கு மேல் என்றே கொள்கிறேன். அமெரிக்காவில், ரேடாருக்குத் தெரியும் விமானங்களைத் தரை நிலையங்களே திரும்ப ஒலிபரப்பும் சேவை ஒன்று உண்டு. ஆனால் அது ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் விமானம் ஒன்றை மையமாகக் கொண்டு, 15 கடல் மைல் ஆரத்துக்குள், மேலும் கீழும் 3,500 அடிக்குள் இருப்பவற்றை மட்டும் அனுப்புகிறது. ஒலிபரப்பாமல் ரிசீவர் மட்டும் வைத்திருப்பவர், பக்கத்தில் பறக்கும் வேறொருவருக்காக அனுப்பப்படும் படத்தை ஒட்டுக்கேட்கிறார் என்றுதான் பொருள். அந்தப் படத்தின் மையம் அவர் அல்ல. அவருக்கு முக்கியமான விமானம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். திரை மட்டும் வழக்கம்போல நிறைவாகவே தோற்றமளிக்கும்.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்துக்கு இறங்கிவந்த சிஆர்ஜே 700 விமானமும் இராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் ஏறக்குறைய 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தபோது, அந்த ஹெலிகாப்டர் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பிக்கொண்டிருக்கவில்லை. ஹெலிகாப்டர் குழுவினர் பயணிகள் விமானம் கண்ணுக்குத் தெரிவதாகக் கூறி, பார்வையால் விலகிச் செல்ல அனுமதி பெற்றிருந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி, மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைத் தானே கேள்வி கேட்டு அறிவதால், 'டிராஃபிக்' என்ற எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டது. ஆனால் ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் பகுதி தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே வேண்டுமென்றே அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தரைக்கு அருகில் தவறான கட்டளை இன்னொரு விபத்துக்கு வழிவகுக்கும் என்பது அதற்கான காரணம். அதாவது, மிக நெருக்கமாக விமானங்கள் கூடும் அந்தக் கடைசி உயரத்தில் மிக உயர்ந்த கருவிகூடக் கட்டளையிடுவதை நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பல படிகள் கீழே உள்ள நம் கையடக்கப் பெட்டியிடம் சர்க்யூட்டுக்குள் எதிர்பார்க்கக்கூடியது என்ன என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

டீகாஸோடு இதை ஒப்பிட்டு விளம்பரம் செய்வது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். டீகாஸ் இரண்டு விமானங்களும் தமக்குள் பேசி, ஒன்று ஏற மற்றொன்று இறங்குமாறு ஒத்திசைத்துக் கட்டளையிடுகிறது. விமானிகள் அதற்குக் கட்டாயம் கீழ்ப்படிய வேண்டும், கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும்கூட. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே அந்த ஒத்திசைவு உடைந்தது. டுபோலெவ் 154 விமானத்துக்கு டீகாஸ் ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானிகள் இறங்கினார்கள். டீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்த போயிங் 757 உடன் மோதி 71 பேர் இறந்தார்கள். கையடக்க ரிசீவரில் அத்தகைய ஒத்திசைவும் இல்லை, கட்டளையும் இல்லை. ஆகவே திரையைப் பார்த்துவிட்டு டவரின் அறிவுறுத்தலுக்கு மாறாகத் தாமாகவே திரும்புவது, எதிரே வருபவரும் அதே பக்கம் திரும்புவதற்கு அழைப்பு விடுப்பதுபோல் ஆகிவிடும். ஐயம் இருந்தால் ரேடியோவில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் டவரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே டவரைப் பற்றியும் ஒரு சேவை என்ற அளவில் சில சொற்கள் தேவைப்படுகின்றன, ஏனெனில் ரிசீவரை வாங்குபவர்களில் பலர் டவர் எதைச் செய்கிறது என்பதைப் பற்றி மிகையான நம்பிக்கையோடு இருக்கிறார்கள். கட்டுப்பாட்டின் அளவுக்கேற்ப எழுத்துகளால் வகுக்கப்படும் வான்வெளி டி வகுப்பாக உள்ள நிலையங்களில், பார்வை விதிப்படி (வெளியே கண்ணால் பார்த்து) பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே வானில் இடைவெளியைக் காப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு அல்ல. அவர் வரிசைப்படுத்துவார், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தகவல் தருவார், ஓடுபாதையில் ஒருவர் இருக்கும்போது மற்றவரை இறங்கவிடாமல் காப்பார். சி வகுப்பிலும் பார்வை விதி விமானங்கள் ஒன்றையொன்று விலகிச் செல்வது அவரவர் கண்ணைப் பொறுத்ததே. ரேடார் முனையத்தில் வழக்கமான 3 மைல், 1,000 அடி என்ற இடைவெளி எல்லோருக்கும் பொதுவானதல்ல. சிறிய டவர்கள் பலவற்றில் கட்டுப்பாட்டாளரின் முதன்மைக் கருவி ஜன்னலும் பைனாகுலரும்தான். எனவே ரிசீவர் டவருக்கு மாற்றா, கூடுதலா என்ற கேள்வியே பொருத்தமற்றது. டவர் வரிசையைத் தருகிறது, ரிசீவர் அந்த வரிசையில் நமக்கு முன்னால் இருப்பவர் எங்கே என்பதைக் காட்டுகிறது.

சர்க்யூட்டுக்குள் நுழைந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பக்கம்) நாம், பேஸில் (அங்கிருந்து ஃபைனலை நோக்கிப் போகும் குறுக்குப் பக்கம்) ஒருவர், ஃபைனலில் ஒருவர், எழும்பிக்கொண்டிருப்பவர் ஒருவர் என்றால், எல்லோருமே ஒரு மைலுக்குள், சில நூறு அடி வித்தியாசத்தில் இருக்கிறோம். மோதல் பாதையைக் கணிக்கும் நிரலுக்கு இவர்கள் அனைவரும் ஆபத்தாகத் தெரிகிறார்கள். நான் கேட்ட செயலிகளில் ஒன்று டவுன்விண்ட் முழுவதும் வாய் மூடவே இல்லை. ஓடுபாதைக்குப் போகும் தரைவழியான டாக்ஸிவேயில் நின்றுகொண்டிருக்கும் விமானத்தைக்கூட எச்சரிக்கையில் சேர்த்துக்கொண்ட பதிப்பு ஒன்றும் இருந்தது. இன்னொரு செயலி இந்தத் தொல்லையைத் தவிர்க்க நினைத்து, தரைக்கு அருகில் எச்சரிக்கைகளை முற்றாக அடக்கிவிடுகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், எச்சரிக்கையே இல்லாத திரையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். 2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெச்சிகன் அருகே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரண்டு மிதவை விமானங்கள் மோதி 6 பேர் இறந்ததை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கண்ணால் பார்த்து விலகும் முறையின் இயல்பான வரம்புகளோடு, விமானங்களிலிருந்த போக்குவரத்துக் காட்சிக் கருவிகளிலிருந்து ஒலி, ஒளி எச்சரிக்கை எதுவும் வராததையும் காரணமாகக் குறிப்பிட்டது. திரையில் புள்ளி இருப்பது போதாது. அதைப் பார்க்கச் சொல்லி யாராவது தோளைத் தட்ட வேண்டும்.

இணையான ஓடுபாதைகள் உள்ள நிலையங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. 2021 மே 12 அன்று டென்வருக்கு அருகிலுள்ள சென்டென்னியல் விமான நிலையத்தில் ஒரு சிரஸ் எஸ்ஆர்22 விமானம் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது தன் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிச் சென்று, பக்கத்து ஓடுபாதையின் ஃபைனலில் வந்துகொண்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்தின் மேல் மோதியது. இரண்டு விமானங்களும் இரண்டு வெவ்வேறு அலைவரிசைகளில் இரண்டு கட்டுப்பாட்டாளர்களோடு பேசிக்கொண்டிருந்தன. சிரஸ் தன் பாராசூட்டில் தொங்கி இறங்கியது, மெட்ரோலைனர் பின்னுடல் கிழிந்த நிலையில் ஓடுபாதையில் தரையிறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. அங்கே ஒரு ரிசீவர் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இணை ஓடுபாதையில் வருபவர் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில்தான் இருப்பார். எச்சரிக்கை தொடக்கத்திலிருந்தே ஒலித்துக்கொண்டிருக்கும் அல்லது தொடக்கத்திலிருந்தே அடக்கப்பட்டிருக்கும். திருப்பம் அகலமாகிறது என்ற அந்த ஒரு மாற்றத்தைப் பிரித்துச் சொல்லும் திறன் நான் பயன்படுத்திய எந்தச் செயலியிலும் இல்லை. அந்த நேரத்தில் விமானியின் கண் இருக்க வேண்டிய இடம் ஓடுபாதையின் நேர்கோடு.

ஆகவே என் நடைமுறை இது: சர்க்யூட்டுக்கு ஐந்து மைலுக்கு வெளியே டேப்லெட் கண்ணெதிரே இருக்கலாம், சர்க்யூட்டில் சேர்ந்ததும் அது முழங்காலுக்குக் கீழே போய்விட வேண்டும், ஹெட்செட்டில் வரும் குரல் மட்டும் தொடரலாம். குரல் எச்சரிக்கை ஹெட்செட்டுக்குள் வராத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப்லெட்டின் சொந்த ஒலிபெருக்கி எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. அந்தக் குரலும் வெறுமனே 'டிராஃபிக்' என்று கத்தாமல், திசை, தூரம், மேலா கீழா என்ற மூன்றையும் கட்டுப்பாட்டாளர் சொல்லும் அதே வரிசையில் சொன்னால், கண் திரைக்குப் போகாமல் நேராக வெளியே போகும். இந்த ஒரு அம்சத்துக்காகவே மாடலை மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் செய்தது சரி.

ஆன்டெனாவின் இருப்பிடம் பற்றி உற்பத்தியாளர்கள் கையேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். வலப்பக்கக் கண்ணாடியில் ஒட்டிய கருவிக்கு, இடப்பக்கத்தில் சற்றுத் தாழ்வாகப் பின்னாலிருந்து வருபவரை உலோக உடலும் எஞ்சினும் மறைத்துவிடுகின்றன. திரையில் அந்த விமானம் சில நொடிகள் தெரியும், மறையும், மீண்டும் வேறிடத்தில் முளைக்கும். நம் விமானம் சாய்ந்து திரும்பும்போதுதான், அதாவது ஃபைனலுக்குத் திரும்பும்போதுதான், இந்த நிழல் வேகமாக இடம் மாறுகிறது. கீழ்ச்சிறகு விமானத்தின் விமானிக்குத் தனக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார், மேற்சிறகு விமானத்தின் விமானிக்குத் தனக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார் என்ற பழைய சிக்கலைத் தீர்த்துவைக்கும் என்று நம்பி வாங்கிய கருவிக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கண் மங்குகிறது. வெளி ஆன்டெனாவை இணைக்கும் வசதி உள்ள மாடலாக இருந்தால், விமானத்தின் பராமரிப்புப் பொறியாளரைக் கலந்து, விதிமுறைகள் அனுமதிக்கும் வகையில் அதைப் பொருத்திக்கொள்வது பெரிய முன்னேற்றம் தரும்.

உற்பத்தியாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு விமானத்தைக் கடைசியாக எத்தனை நொடிக்கு முன் கேட்டோம் என்பதைச் சின்னத்தின் அருகிலேயே காட்டலாம். சிலர் காட்டுகிறார்கள், ஆனால் மூன்று மெனுக்களுக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். நேரடியாகக் கேட்டதையும், தரை நிலையம் திரும்ப ஒலிபரப்பியதையும், சமிக்ஞை வலிமையை வைத்து ஊகித்ததையும் ஒரே வைரக்குறியால் காட்டாமல் வேறுபடுத்தலாம். எந்தத் திசையில் வரவேற்பு பலவீனமாக இருக்கிறது என்பதைக் கருவி பறக்கப் பறக்கத் தானே கற்றுக்கொண்டு, அந்தப் பகுதியைத் திரையில் சாம்பல் நிறமாக்கலாம். அந்தச் சாம்பல் நிறம் இல்லாத வரை, வெறுமையான திரைக்கும் வெறுமையான வானத்துக்கும் உள்ள வேறுபாட்டை விமானிதான் தன் தலைக்குள் சுமக்க வேண்டியிருக்கிறது.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டர் ஏற்கெனவே உள்ள விமானத்தில், கோபுரம் இல்லாத நிலையங்களுக்கு அடிக்கடி போய்வருபவருக்குத் தயங்காமல் சொல்வேன். ஒலிபரப்பே இல்லாத விமானம் வைத்திருப்பவர், ரிசீவருக்குச் செலவழிக்கும் முன் ஒலிபரப்புக்குச் செலவழிப்பதே முறை. தான் பார்ப்பதைவிடப் பிறர் திரையில் தான் தெரிவது அவருக்கும் மற்றவர்களுக்கும் அதிகப் பயன் தரும். தனியாகப் பறக்கத் தொடங்கியிராத மாணவருக்கு இது வேண்டாம். வெளியே பார்க்கும் பழக்கம் கழுத்தில் ஊறுவதற்கு முன் திரை கைக்கு வந்துவிட்டால், பிறகு அந்தக் கழுத்தைத் திருப்ப வைப்பது பயிற்றுநருக்குப் பெரும்பாடு. இருவராகப் பறக்கும்போது டேப்லெட்டை விமானத்தை ஓட்டாதவரின் மடியில் கொடுத்து, திரையில் பார்ப்பதை அவர் வாயால் சொல்ல, ஓட்டுபவர் வெளியே தேடுவது என்று பிரித்துக்கொண்டால், இந்தக் கருவி தரக்கூடிய முழுப் பயனும் கிடைக்கும். அதற்கு ஏற்றபடி நீளமான சார்ஜர் கேபிள் ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியோடு வருவது வலது இருக்கை வரை எட்டாது.